குழந்தையின் ஸ்லீப்பிங் பேக் சூட்டை எங்கிருந்து பெறுகிறது?

வேலூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்திலும், ஏலகிரி 1,100 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், மின்விசிறியின் கீழ் உறங்கிப் பழகிய வேலூர்ப் பிள்ளைக்கு மார்கழியில் ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ கூடாரத்தில் படுக்கும் இரவு கடுமையாகவே இருக்கும்.

உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் மெத்தைப் பையான ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. பிள்ளையின் உடல் வெளிவிடும் வெப்பம் வெளியேறும் வேகத்தை மட்டுமே அது குறைக்கிறது. அந்த வேலையைச் செய்வது பைக்குள் அடைத்திருக்கும் இழைகளைவிட, அவற்றுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான். அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். தண்ணீரோ அதைப்போல இருபது மடங்குக்கும் மேலாகக் கடத்தும். ஆகவே பனியிலோ வியர்வையிலோ நனைந்த பை பெரும்பாலும் பயனற்றுப்போகும். வாத்து இறகு நனைந்தால் உப்பலை இழந்து கட்டியாகிவிடும், பாலியெஸ்டர் இழை அந்த அளவுக்குச் சுருங்காது, வீட்டிலேயே துவைக்கவும் முடியும். படுக்கையை நனைக்கும் வயதுப் பிள்ளைக்கு இறகுப் பை வாங்குவது வீண் செலவு என்றே சொல்வேன்.

எவ்வளவு குளிர்வரை தாங்கும் என்று பையில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஐஎஸ்ஓ 23537 என்ற பன்னாட்டுத் தர அளவீடு வளர்ந்த ஆண், பெண் உடல்களைக் கணக்கில் கொண்டது. குழந்தைகளுக்கான பைகள் அதில் அடங்கா. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு அதிகம் என்பதால், அதன் உடல் விரைவாகவே வெப்பத்தை இழக்கிறது.

எண்ணைவிட அளவே முக்கியம். பள்ளிச் சீருடையைப்போல, வளரும் பிள்ளைதானே என்று பெரிய பை வாங்கினால், கால்பக்கத்தில் மிஞ்சும் வெற்றிடத்தையும் அந்தச் சிறிய உடலே சூடாக்க வேண்டியிருக்கும்; புரண்டு படுக்கும்போதெல்லாம் பை துருத்தியாகிச் சூடான காற்றைக் கழுத்துவழியே வெளியேற்றிவிடும். உயரத்தைவிட 15 முதல் 20 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். பெரிய பைதான் கையில் இருக்கிறதென்றால், மிஞ்சும் அடிப்பகுதியைக் கயிற்றால் கட்டிவிடலாம், அல்லது உட்பக்கமாக மடித்துவிடலாம்.

முதுகின்கீழ் உள்ள இழைகள் உடல் எடையில் நசுங்கிக் காற்றை இழந்துவிடுவதால், தரைக் குளிரை அவற்றால் தடுக்க முடியாது. அதற்குத் தனியாக ஒரு ஃபோம் விரிப்பு வேண்டும்; கோரைப்பாய் மட்டும் போதாது.