தாய் சுமந்து கடக்கும் அட்லாண்டிக்

நீலச் சுறாவின் முதுகுத் துடுப்பருகே குத்திவிடப்படும் சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் சுருட்டிவைத்த தாள் ஒன்று இருக்கும். ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, ஜப்பானியம், நார்வேஜியம் என ஐந்து மொழிகளில் அதில் ஒரே வேண்டுகோள்: இதை எங்கே, எப்போது பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். 1962 முதல் அமெரிக்கக் கிழக்குக் கரையின் தூண்டில்காரர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நீலச் சுறாக்களுக்கு இப்படிச் சீட்டுக் கட்டி விட்டிருக்கிறார்கள். மறுகரையிலிருந்து வந்த பதில்களைக் கோத்தபோதுதான் இந்தச் சுறா ஒரு பெருங்கடலையே வீடாக்கிக்கொண்டது தெரிந்தது.

என்னை அதிகம் வியக்கவைப்பது பெண் சுறாவின் பயணம். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்துக்கு அப்பாலுள்ள கடலில் கோடையில் இணைசேர்க்கை நடக்கிறது. பெண்ணைப் பிடித்துக்கொள்ள ஆணுக்கு வாயை விட்டால் வேறு வழியில்லை. அதன் முதுகைக் கவ்விக் கடிக்கிறது. அதைத் தாங்கத்தான் பெண்ணின் தோல் ஆணுடையதைவிட இரண்டு மூன்று மடங்கு தடித்திருக்கிறது. முதுகில் பற்களின் தடம் பிறைபிறையாகக் கிடக்கும். அந்த வடுக்களே இணைசேர்ந்ததற்கு அத்தாட்சி. உடனே கருத்தரிப்பதில்லை. விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் காத்துவைத்து, பின்னரே கருவுறுகிறது. தொப்புள்கொடியோடு குட்டிகள் வளர 9 முதல் 12 மாதங்கள் ஆகும். ஒரே வயிற்றில் 135 குட்டிகள்வரை கண்டிருக்கிறார்கள்.

கிழக்கே போக, அமெரிக்கக் கரையிலிருந்து ஐரோப்பா பக்கம் ஓடும் வெப்பமான வளைகுடா நீரோட்டம் துணை. நீண்ட மார்புத் துடுப்புகளை விரித்து, சிறகு விரித்த பருந்துபோல் மிதந்து செல்கிறது. பகலில் கணவாய் மீன் தேடிப் பலநூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். அங்கே கடுங்குளிர், சுறாவோ குளிர்ரத்தப் பிராணி. பெரிய உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடாது என்பதால் சிறிது நேரம் தாக்குப்பிடித்து வேட்டையாடிவிட்டு, மேலே வந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு மறுபடி இறங்கும். நீரோட்டத்திலிருந்து பிரியும் வெப்பச் சுழல்களுக்குள் இளஞ்சூடு ஆழம்வரை பரவியிருக்கும். அந்தச் சுழல்களைத் தேடிப்போய் மூழ்குவதைச் செயற்கைக்கோள் கருவிகள் காட்டின. 2019இல் அந்த ஆய்வு வெளியானது.

வழியெங்கும் வாள்மீனுக்கும் சூரைக்கும் விரித்த தூண்டில் வரிசைகள். பல கிலோமீட்டர் கயிற்றில் தொங்கும் முட்களில் கர்ப்பிணிகளும் சிக்குகின்றன. ஹாங்காங் சந்தையின் துடுப்புகளை மரபணுச் சோதனை செய்தபோது நீலச் சுறாவே மற்றெல்லா இனங்களையும் விஞ்சி நின்றது. அந்தச் செய்தியை என்னால் மனம் கனக்காமல் படிக்க முடியவில்லை. 2023இன் இறுதியிலிருந்து நீலச் சுறாவின் பன்னாட்டு வணிகத்துக்கு அனுமதிச் சீட்டு தேவை. இத்தனை ஆண்டுகள் தாமதித்திருக்கக் கூடாது.

தப்பிப் பிழைத்த தாய், அட்லாண்டிக் நடுவிலுள்ள அசோர்ஸ் தீவுகள், போர்ச்சுகல் பக்கம் ஈனுகிறது. குட்டி ஒரு முழம் இருக்கும். தாயின் காவல் கிடையாது. பல் முளைத்தே பிறந்த குட்டி, அன்றே தன் இரையைத் தானே தேடிப் போகிறது.