ரெட்ரோ: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

2024 மே 24ஆம் தேதி, 60 வயது நிறைய இரண்டே நாள் இருக்கும்போது, அமெரிக்க ராக் பாடகர் லென்னி கிராவிட்ஸ் தன்னுடைய 12ஆவது ஸ்டுடியோ ஆல்பத்தை வெளியிட்டார். பெயர் 'ப்ளூ எலக்ட்ரிக் லைட்'. அவரைப் பற்றி யார் எழுதினாலும் 'ரெட்ரோ' என்ற சொல் கூடவே வந்துவிடும். 1989இல் முதல் ஆல்பம் வந்தபோது ஒட்டிக்கொண்ட சொல் இது. சிலர் பாராட்டாகச் சொன்னார்கள், சிலர் குத்திக்காட்டச் சொன்னார்கள். நம்மிடமும் இந்தச் சொல் நன்றாகவே புழங்குகிறது: கல்யாண வரவேற்பின் அலங்காரம், எஃப்.எம். நிகழ்ச்சி, 2025இல் வந்த சூர்யா படத்தின் பெயர். ஆனால் பெரும்பாலும் 'பழையது' என்ற பொருளில்தான் சொல்கிறோம். அந்த இடத்தில்தான் சொல் பிசகுகிறது.

லத்தீனில் 'ரெட்ரோ' என்றால் 'பின்னோக்கி' என்று பொருள். அது திசையைக் குறிக்கும் சொல், வயதைக் குறிப்பதல்ல. விண்கலத்தின் வேகத்தைக் குறைக்க, அது போகும் திசைக்கு எதிராகச் சீறும் சிறு ராக்கெட்டை 'ரெட்ரோ ராக்கெட்' என்பார்கள். கோள் பின்னால் நகர்வதுபோல் தோன்றுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலும் இதே 'ரெட்ரோ'தான் இருக்கிறது. நம் பஞ்சாங்கம் அதை 'வக்கிர கதி' என்கிறது. நல்ல சொல்தான், ஆனால் 'வக்கிரம்' இன்று வேறு பொருளுக்குப் போய்விட்டதால் இசைக்கு ஆகாது.

பாணியைக் குறிக்கும் 'ரெட்ரோ' வந்தது பிரான்சிலிருந்து. 1970களின் தொடக்கத்தில், முந்தைய தலைமுறையின் உடையும் அந்தக் காலத்தைக் காட்டும் சினிமாவும் அங்கே மறுபடி மோகமாயின. 'திரும்பிப் பார்க்கிற' என்று பொருள்படும் 'ரெத்ரோஸ்பெக்திஃப்' என்ற நீண்ட சொல்லைச் சுருக்கி 'ரெத்ரோ' என்றார்கள். ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆக, இன்று இருப்பவர் இன்றைக்குச் செய்கிற ஒன்று, முகத்தை மட்டும் பின்னால் திருப்பியிருந்தால் அது ரெட்ரோ.

நிஜமாகவே அந்தக் காலத்தில் செய்ததை 'விண்டேஜ்' என்பார்கள். திராட்சை அறுவடையிலிருந்து பிறந்த சொல் அது. எந்த ஆண்டு விளைச்சல் என்பதைக் காட்டுவது. பாட்டி கழுத்திலிருந்து இறங்கி வந்த அட்டிகை விண்டேஜ். போன மாதம் கடையில் 'ஆன்டிக் பாலிஷ்' போட்டு வாங்கிய அட்டிகை ரெட்ரோ. இரண்டும் ஒன்றில்லை என்பது எந்த நகை ஆசாரிக்கும் தெரியும்.

கிராவிட்ஸ் செய்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1980களின் இறுதியில் பாப் பாட்டு என்றால் எந்திர டிரம்ஸ், ஏகப்பட்ட எதிரொலி, பளபளப்பான டிஜிட்டல் ஒலி. அந்த நேரத்தில் அவர் நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் ஊரில், ஹென்றி ஹிர்ஷ் என்ற ஒலிப்பதிவாளரின் ஸ்டுடியோவில், பழைய கருவிகளை வைத்துப் பதிந்தார். டிரம்ஸ், பேஸ், கிதார், கீபோர்டு என்று பெரும்பாலானவற்றைத் தானே வாசித்தார். வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஒலியின் சங்கதி புரியும். ஸ்விட்சைப் போட்டதும் பாட்டு வராது. பின்னால் வால்வு என்ற கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி சிவந்து, சூடேறி, அப்புறம்தான் குரல் எழும்பும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் கிதாரை ஓங்கி மீட்டினால், ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டதுபோல் நறுக்கென்று நிற்காது, மழுங்கி உருளும். காதுக்கு அது கதகதப்பாகப் படும். 1993இல் வந்த 'ஆர் யூ கோனா கோ மை வே' பாட்டின் தொடக்கத்தில் கிதார் திரும்பத் திரும்பச் சுழல்கிறதே, அதைக் கேட்டால் 1960களின் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலம் அப்படியே நினைவுக்கு வரும். 1999 முதல் 2002 வரை தொடர்ந்து நான்கு வருடம், சிறந்த ஆண் ராக் குரலுக்கான கிராமி விருது அவருக்குத்தான்.

புதிய ஆல்பத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. முதல் ஆல்பம் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் போய் 1960களைத் தொட்டது. 'ப்ளூ எலக்ட்ரிக் லைட்' நாற்பது வருடம் பின்னால் போய், அவர் பள்ளியில் படித்த 1980களின் தொடக்கத்தைத் தொடுகிறது. முதல் ஆல்பத்தின்போது அவர் ஒதுக்கி வைத்த சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியும் எந்திரத் தாளமும் இங்கே விரும்பி உட்கார்ந்திருக்கின்றன. 'அதே பழைய பாணி' என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் அதே, பார்க்கிற இடம் நகர்ந்துவிட்டது.

தமிழுக்கு வருவோம். 'ராக்' அப்படியே இருக்கட்டும். அசைந்தாடுவதைக் குறிக்கும் சொல்லைப் 'பாறை' என்று பெயர்த்தால் அபத்தமாகிவிடும். ஆல்பத்துக்கு 'இசைத்தொகுப்பு' போதும். பல இசைத்தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போன்ற ஒரே புத்தகத்தில் செருகி விற்றதால் வந்த பெயர் என்பதால், 'தொகுப்பு' கச்சிதமாகப் பொருந்துகிறது.

ரெட்ரோவுக்குப் 'பின்னோக்கு' என்பது சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் அறிவியல் பாடநூல் வாடை அடிக்கிறது. 'தொன்மை' கம்பீரமான சொல். தொல்காப்பியம் எண்ணும் எட்டு வனப்புகளில் அதுவும் ஒன்று: 'உரையொடு புணர்ந்த பழைமை மேற்றே'. பழமையைச் சொல்வதும் ஓர் அழகு என்று நம் இலக்கணம் அன்றே வகுத்துவைத்திருப்பதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அங்கே பழமை என்பது சொல்லப்படும் கதை. ரெட்ரோவில் பழமை இருப்பது சொல்லும் விதத்தில்.

அதனால் என் தேர்வு 'பழம்பாணி'. பழமொழி, பழந்தமிழ் போல நாவில் இயல்பாக விழுகிறது. 'பழம்பாணி வீடு' என்றால் வீடு பழையது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கட்டிய விதம் பழையது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ரெட்ரோவுக்கு வேண்டிய நுட்பம் அதுதானே. 'பாணி'க்குப் பழந்தமிழில் பாட்டு, தாளம் என்ற பொருள்களும் உண்டு. கர்நாடக இசையில் 'தனம்மாள் பாணி', 'அரியக்குடி பாணி' என்று இன்றும் மரியாதையோடு சொல்கிறோம். ஒருவர் பாணி மாறாமல் பாடுகிறார் என்பது அங்கே புகழ்ச்சி.

விண்டேஜுக்கு 'அக்காலத்து' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது. 'லென்னி கிராவிட்ஸ் ஒரு பழம்பாணி ராக் பாடகர். அக்காலத்துக் கருவிகளை வைத்துப் புதுப் பாட்டுப் பதிகிறவர்' என்று தாராளமாக எழுதலாம்.