லாக்கருக்குள் என்ன இருந்தது?

'தி பேங்க் ஜாப்' (2008) பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்தச் சுரங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வங்கியில் லாக்கர் பிரிவைக் கவனித்தவன் என்பதால் எனக்குக் கவலையெல்லாம் பெட்டிகளின் சொந்தக்காரர்களைப் பற்றி.

படத்துக்கு அடிப்படை, 1971 செப்டம்பரில் லண்டன் பேக்கர் தெருவில் நடந்த நிஜக் கொள்ளை. லாய்ட்ஸ் வங்கிக் கிளைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு தோல்பொருள் கடையைப் பிடித்து, நடுவிலிருந்த உணவகத்துக்கு அடியில் சுமார் 40 அடி தோண்டி, பெட்டக அறையின் தரையை வெடி வைத்துப் பிளந்தார்கள். தரை அதிர்ந்தால் ஒலிக்கும் அலாரம் அங்கே இருந்தது. பக்கத்தில் சாலை வேலை நடந்ததால் சும்மா சும்மா அடிக்கிறதென்று அதை அணைத்து வைத்திருந்தார்கள்! கொள்ளையரின் வாக்கிடாக்கிப் பேச்சை வானொலி ஆர்வலர் ஒருவர் தற்செயலாகக் கேட்டுத் தகவல் சொல்ல, போலீஸ் இந்தக் கிளைக்கும் வந்தது. பெட்டகக் கதவு பூட்டியபடியே இருந்ததால் திரும்பிப் போனது. அலாரம் தொந்தரவாக இருந்தால் பழுது பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள், அணைக்காதீர்கள் என்று கிளைகளில் இருக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

260க்கும் மேற்பட்ட பெட்டிகள் காலியாயின. மொத்தம் எவ்வளவு போனது என்பதில் இன்றுவரை ஆளுக்கொரு கணக்கு. காரணம் எளிது: பெட்டிக்குள் இருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும்தான் தெரியும்.

நம் ஊரிலும் அதே நிலைதான். நகைக்கடன் என்றால் எடை, தரம் எல்லாம் வங்கியின் பதிவில் இருக்கும். லாக்கரில் அப்படி எதுவும் இல்லை. லாக்கர் அறைத் தரையில் திருகாணி கிடக்கும். கூப்பிட்டுக் கேட்டால், தன்னுடையதா என்று உரியவருக்கே உறுதியாகத் தெரியாது. வீட்டில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நகைக்கும் படம், கல் கழித்த எடை, ரசீது. லாக்கரைத் திறந்த நாளில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரவேண்டும். வராவிட்டால் கைபேசி எண்ணைச் சரிபாருங்கள்.

அப்புறம் இழப்பீடு. 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி திருட்டு, கொள்ளை, தீ, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். உள்ளே 40 பவுன் இருந்தாலும் அதே கணக்குதான். வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அதுவும் கிடையாது. லாக்கர் பொருளுக்கு வங்கி காப்பீடு விற்கக் கூடாது. நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். நகை லாக்கரில் இருக்கும்போதும் செல்லுமா என்பதை பாலிசியிலேயே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.