பேட்டரி செல்லுக்குள் ஒரு விமானப் பொறியாளர்

லித்தியம் பேட்டரி என்றாலே கெமிஸ்ட்ரி படித்தவர்களின் ராஜ்யம் என்று தோன்றும். ஆனால் செல்லின் உடம்பை வடிவமைக்கும் குழுக்களில் விமானப் பொறியியல் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. பார்க்கப்போனால் அது அவர்களுக்குப் பழகிய கணக்குதான்.

மின்சாரக் கார்களில் வரும் 21700 ரக செல்லை எடுத்துக்கொள்வோம். 21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. உயரம். நிக்கல் பூசிய எஃகுக் குப்பி. சுவர் கால் மி.மீ. அளவில்தான் இருக்கும். உள்ளே செம்புத் தாளும் அலுமினியத் தாளும் பாய் சுருட்டியதுபோல் இறுகச் சுற்றியிருக்கும். செல் அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே வாயு உண்டாகி அழுத்தம் ஏறும். விமானத்தின் உடலும் உள்ளழுத்தத்தைத் தாங்கும் மெல்லிய உருளைதானே? அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுத்தால் சுற்றுவாக்கில் எவ்வளவு இழுவை என்று தெரிந்துவிடும். செல்லுக்குள் 20 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் 20 மடங்கு அழுத்தம் என்றால், இழுவை சுமார் 84 மெகாபாஸ்கல். நல்ல எஃகு இதைச் சாதாரணமாகத் தாங்கும்.

அதனால் சுவரை விட்டுவிட்டு மூடியைத்தான் உடைய வைக்கிறார்கள். மூடிக்குள் ஒரு மெல்லிய அலுமினியத் தட்டு. அதில் வட்டமாக ஒரு கீறல். அழுத்தம் ஏறினால் பல செல்களில் முதலில் தட்டு உப்பி மின் இணைப்பைத் துண்டிக்கும். அதற்கும் மேலே போனால் கீறல் வழியே கிழிந்து வாயுவை வெளியேற்றும். கீறலின் ஆழம் இம்மி மாறினாலும் திறக்கும் அழுத்தம் மாறிவிடும். செல்லிலேயே எனக்குப் பிடித்த பாகம் இதுதான்.

சரி, சிக்கல் எங்கே? செல் தீப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் சுருள் மேலே நகர்ந்து வாயுவின் வழியை அடைத்துக்கொள்ளலாம். சூட்டில் எஃகும் பலமிழக்கும். மேலே போட்ட கணக்கு குளிர்ந்த எஃகுக்கு மட்டுமே பொருந்தும். பக்கச்சுவர் கிழிந்தால் நெருப்பு பக்கத்துச் செல்லில் பாயும். இதனால்தான் சில செல்களில் அடிப்பக்கத்திலும் கீறல் வைக்கிறார்கள்.

2013 ஜனவரியில் பாஸ்டனில் நின்றிருந்த போயிங் 787 ஒன்றின் பேட்டரி தீப்பிடித்தது. அடுத்த வாரமே ஜப்பானில் இன்னொரு 787-இன் பேட்டரி புகைய, உலகம் முழுக்க அந்த ரக விமானங்கள் தரையில் நின்றன. தீர்வாகச் செய்த மாற்றங்களில் முக்கியமானது, பேட்டரியைச் சுற்றி ஒரு எவர்சில்வர் பெட்டி. அதிலிருந்து விமானத்துக்கு வெளியே ஒரு குழாய். செல் எரிந்தாலும் விமானத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதே ஏற்பாடு.

விமானத் துறையிலிருந்து வருகிறவர் புதிதாகப் பழக வேண்டியது செல்லின் மூச்சை. சார்ஜ் ஏறும்போது, செம்புத் தாளில் பூசியிருக்கும் கிராஃபைட் சுமார் 10 சதவீதம் உப்பும். சில செல்களில் அதோடு கலக்கும் சிலிக்கான் மூன்று மடங்கு உப்பும். ஒவ்வொரு சார்ஜிலும் சுருள் விரிந்து சுருங்குகிறது. அதற்கு இடம் விட்டால் செல்லில் அடைக்கும் ஆற்றல் குறையும். விடாவிட்டால்? 2016-இல் சாம்சங் நோட் 7 போன்கள் எரிந்தபோது, முதலில் வந்த பேட்டரிகளில் கண்ட காரணம் வேதியியல் இல்லை. உறையின் மேல் மூலையில் இடம் போதாமல், எதிர்மின் தகட்டின் ஓரம் மடங்கியிருந்தது.