குடியிருப்பு ஏரியின் கரைக்கு யார் பொறுப்பு? ஜார்ஜியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம்

அட்லாண்டாவுக்கு வடக்கே குவினெட், ஃபோர்சைத் பக்கம் வீடு தேடும் நம்மவர்களுக்கு ஏரியைப் பார்த்த மனை என்றால் தனி ஆசை. மாலையில் கரைமேல் நடக்கலாம், பிள்ளைகள் தூண்டில் போடலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் இயற்கை ஏரி என்று அநேகமாக எதுவும் கிடையாது. ஏதோ ஓர் ஓடையை மறித்து, மண்ணைக் கொட்டி இறுக்கி எழுப்பிய கரைக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்தான் அது. சட்டத்தின் கண்ணில் அந்தக் கரை ஓர் அணை. பல குடியிருப்புகளில் அது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சொத்து. அப்படியென்றால் ஆண்டுச் சந்தா கட்டுகிற எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு, பொறுப்பும் உண்டு.

இந்தப் பொறுப்பை வரையறுப்பது 1978-இல் வந்த ஜார்ஜியா சேஃப் டேம்ஸ் சட்டம். அது வந்த கதையைத் தெரிந்துகொண்டால் விதிகள் தானாகப் புரியும்.

மாநிலத்தின் வடகிழக்கில் டொக்கோவா என்ற ஊர். அங்கே 186 அடி அருவி ஒன்று. அருவிக்குக் கீழே ஒரு பைபிள் கல்லூரி, மேலே கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் ஏரி. 1899-இல் கல்லும் மரமும் வைத்துக் கட்டிய சிறு தடுப்பின் மேல் பிற்பாடு மண்ணை ஏற்றி, மின்சாரம் எடுப்பதற்காகக் கரையை உயர்த்திக்கொண்டே போனார்கள். 1957-இல் மின் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு மீன்பிடிக்கவும் பொழுதுபோக்கவும் மட்டுமே அந்த ஏரி. பரப்பு ஏறக்குறைய 40 ஏக்கர், கரையின் உயரம் 40 அடிக்குள். 1977 நவம்பர் 6, விடியற்காலை ஒன்றரை மணி. சில நாளாகப் பெய்த மழைக்குப் பிறகு கரை உடைந்தது. கீழே நடமாடும் வீடுகளிலும் விடுதியிலும் தூங்கிக்கொண்டிருந்த 39 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

விசாரணைக்கு வந்த பொறியாளர்களுக்கு அணையின் வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. வெளிச்சரிவு செங்குத்தாக இருந்தது, அதில் மரங்கள் வளர்ந்திருந்தன. 1973-இல் எடுத்த ஒரு படத்தில் அந்தச் சரிவின் ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்து கிடந்தது. காரணம் இதுதான் என்று ஒன்றை மட்டும் அவர்களால் சுட்ட முடியவில்லை. பல பலவீனங்கள் ஒன்றுசேர்ந்திருக்கலாம் என்றார்கள். நான்கு ஆண்டுகளாகக் கண்ணுக்குத் தெரிந்த சரிவு அது. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் அன்றைக்கு ஜார்ஜியாவில் இல்லை. இதை எப்போது படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

அப்போது அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாக்காரர். அணைகளைச் சோதிக்க 1972-லேயே ஒரு கூட்டரசுச் சட்டம் இருந்தும் பணம் ஒதுக்காததால் அது கிடப்பில் கிடந்தது. டொக்கோவாவுக்குப் பிறகு அவர் உத்தரவிட, ராணுவப் பொறியாளர் படை நாடு முழுக்க ஏறத்தாழ 8,800 அணைகளைச் சோதித்தது. மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரியவந்தது. ஜார்ஜியாவோ கரை உடைந்த மறு ஆண்டே தன் சொந்தச் சட்டத்தை இயற்றியது.

இனி விதிகள். கரையின் உயரம் 25 அடி அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 100 ஏக்கர்-அடி அல்லது அதற்கு மேல் தண்ணீர் பிடித்தாலோ அது சட்டத்துக்குள் வரும். இரண்டில் ஒன்று போதும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழம் நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி, ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர், நம்மூர்க் கணக்கில் சுமார் நூறு லாரித் தண்ணீர். எவ்வளவு தண்ணீர் பிடித்தாலும் உயரம் 6 அடிக்குள் இருந்தால் விலக்கு உண்டு. எவ்வளவு உயரமாக இருந்தாலும் 15 ஏக்கர்-அடிக்குள் பிடித்தால் அதற்கும் விலக்கு.

சட்டத்துக்குள் வரும் அணைகளை மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவு இரண்டு வகையாகப் பிரிக்கிறது. உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்றால் முதல் வகை. இல்லையென்றால் இரண்டாம் வகை. பலர் தடுமாறுகிற இடம் இதுதான். இந்த வகைப்பாடு கரையின் வலிமைக்குக் கொடுக்கும் மதிப்பெண் அல்ல. உடைந்தால் தண்ணீர் போகும் வழியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கான பதில். புத்தம்புதுக் கரையும் முதல் வகையில் இருக்கலாம். பொத்தலாகிப்போன கரையும் இரண்டாம் வகையில் இருக்கலாம். "நம்ம ஏரி இரண்டாம் வகைதானே" என்று சங்கக் கூட்டத்தில் யாராவது சொன்னால், அதை நல்ல கரை என்ற சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் வகை அணையைக் கட்டவும் வைத்திருக்கவும் அனுமதி வேண்டும். வடிவமைப்பையும் பழுது வேலையையும் மாநிலம் ஏற்றுக்கொண்ட பொறியாளர்தான் செய்ய வேண்டும். மிகுதி நீரை வெளியேற்றும் கலிங்கு எவ்வளவு மழையைத் தாங்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. ஓரிடத்தில் பெய்யக்கூடிய உச்சபட்ச மழை என்று வானிலை ஆய்வு கணக்கிட்டு வைத்திருக்கிறது. 25 அடி உயரத்துக்கும் 500 ஏக்கர்-அடிக்கும் மேற்படாத முதல் வகை அணை, அதில் கால் பங்கையாவது கரைக்கு மேல் வழியாமல் அனுப்ப வேண்டும். அணை பெரிதாகப் பெரிதாக இந்தப் பங்கும் கூடும். இரண்டாம் வகைக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் நிலைமை மாறியிருக்கிறதா என்று மாநிலம் அவ்வப்போது மறுபடி பார்க்கும்.

நிலைமை எப்படி மாறும்? 1960-களில் மாட்டுப் பண்ணைக்காக ஒருவர் வெட்டிய ஏரி. கீழே மேய்ச்சல் நிலம் மட்டும்தான், அதனால் இரண்டாம் வகை. இன்று அந்த நிலத்தில் நாற்பது வீடுகள். கரையில் யாரும் கை வைக்கவில்லை, ஆனாலும் அது முதல் வகைக்குப் போகிறது. கலிங்கை அகலப்படுத்தும் செலவு கரையின் சொந்தக்காரர் தலையில் விழுகிறது. இது நியாயமா என்ற சண்டை பல இடங்களில் நடக்கிறது. வீட்டைக் கட்டி விற்றவர் லாபத்தோடு போய்விட்டார் என்ற கோபம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் நாற்பது குடும்பங்கள் கீழே தூங்கும்போது பழைய அளவு போதும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே ஏரி உள்ள குடியிருப்பில் வீடு வாங்கும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அணை எந்த வகை, கடைசி ஆய்வறிக்கை என்ன சொல்கிறது, சங்கத்தின் சேமிப்பு நிதியில் அணைக்கென்று எவ்வளவு இருக்கிறது. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பராமரிப்பில் பெரும்பகுதி நம் ஊர் ஏரிக்கரைக்குச் செய்வதுதான். கரையில் மரம் வளர விடக்கூடாது. நிழல் தருகிறதே என்று வெட்ட மனம் வராது. ஆனால் புயலில் மரம் சாயும்போது வேரோடு கரை மண்ணையும் பெயர்த்துக்கொண்டு வரும். பட்டுப்போன வேர் தண்ணீருக்கு வழி விடும். புல் மட்டும் இருக்கட்டும், அதையும் வெட்டி வையுங்கள். அப்போதுதான் விலங்குகள் தோண்டிய வளையும் விரிசலும் கண்ணில் படும். கரைக்குள் புதைத்த நெளி இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழும் காலம் வரும், அதை உள்ளே கேமரா விட்டுப் பார்க்கலாம். கலிங்கின் வாயில் மீன் தப்பாமலிருக்க வலை கட்டுகிறார்கள், அது ஆபத்து. 1889-இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுனில் 2,200-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற வெள்ளம், செல்வந்தர்களின் மீன்பிடி மன்றத்துக்குச் சொந்தமான மண் அணை உடைந்து வந்தது. அந்தக் கலிங்கிலும் மீன் வலை இருந்தது, குப்பை அதில் அடைத்துக்கொண்டது.

கரைக்குக் கீழே குடியிருப்பவர் நீங்கள் என்றால், ராணுவப் பொறியாளர் படையின் தேசிய அணைப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் ஓடையின் மேற்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அதற்குத் தனியாக வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டும். கூட்டரசுத் திட்டத்தில் கட்டிடத்துக்கு 2,50,000 டாலர் வரை, பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை கிடைக்கும். பொதுவாக, எடுத்து 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் அறிவிப்பு வந்தபின் ஓடினால் பயனில்லை.

மண் கரை என்றால் கொஞ்சம் கசியும். தெளிந்த தண்ணீராக, எப்போதும் ஒரே அளவில் கசிந்தால் குறித்துவைத்துப் பொறியாளரிடம் சொன்னால் போதும். கரையடியில் தண்ணீர் கலங்கலாக வந்தாலோ, கசிவு திடீரென்று கூடினாலோ, உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது என்று பொருள். சங்கத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். முதலில் 911, அடுத்து, கீழே இருக்கும் வீடுகளின் கதவு.