டிஸ்க் நிரம்பிய அன்று கை முதலில் எங்கே போகிறது?

மாதம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாள். தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கவுண்டன்ட் எக்செல் ஷீட்டை சேவ் செய்கிறார், ஆக மாட்டேன் என்கிறது. பரணில் யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கும் லினக்ஸ் ஃபைல் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. பாரிமுனை, மண்ணடி, ராயபுரம் பக்கத்துச் சின்ன அலுவலகங்களில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: யாரோ ஒருவர் ‘2019’ என்று பெயரிட்ட ஃபோல்டரைத் தேடிப் பிடித்து அழிக்கிறார். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும், அதை அழித்து இடமாவது கிடைக்குமா? உள்ளே இருப்பது பில் பிடிஎஃப்கள். நாலைந்து ஜிபி தேறினால் அதிகம்.

அழிப்பதற்கு முன், எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு என்சிடியு என்ற சின்ன டூல் போதும். நெதர்லாந்துக்காரர் யோரன் ஹெலிங் 2007இல் வெளியிட்டது. முதலில் சி மொழியில் இருந்தது, இரண்டாம் பதிப்பில் ஸிக் மொழிக்கு மாறியது. மவுஸ், டெஸ்க்டாப் எதுவும் தேவையில்லை. வேறு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் போனாலே ஓடும். (இங்கே கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறோம்.)

இதை டிஸ்க் நிரம்பிய அன்று இன்ஸ்டால் செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள். பேக்கேஜை இறக்கவே இடம் இருக்காது. சர்வர் வைக்கும் முதல் நாளே ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்சிடியு’ அடித்துவிடுங்கள் (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்). மாட்டிக்கொண்டால் ‘சூடோ ஆப்ட் கிளீன்’ கொஞ்சம் மூச்சுவிட வைக்கும். அதுவும் கைகொடுக்காவிட்டால் பழைய ‘டியு’ எல்லா லினக்ஸிலும் உண்டு: ‘சூடோ டியு -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -எச்’.

என்சிடியுவை எப்போதும் இப்படித் திறக்கவும்: ‘சூடோ என்சிடியு -ஆர்எக்ஸ் /’. இதில் எக்ஸ், வேறு டிஸ்க்குகளுக்குள் போகாமல், சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க்கை மட்டும் எண்ணச் சொல்கிறது. ஆர், பார்க்க மட்டும். ஆர் இல்லாமல் திறந்தால் ‘டி’ எழுத்து (டெலீட்டின் முதல் எழுத்து) அழித்துவிடும். ஒருமுறை கேட்கும்தான், ஆனால் அவசரத்தில் ‘சரி’ என்று சொல்லிவிடுவோம். ரீசைக்கிள் பின் கிடையாது. திரையில் பெரியது மேலே வரும். என்டர் அடித்தால் உள்ளே, இடது அம்புக்குறி அடித்தால் வெளியே. வரியின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் அந்த ஃபோல்டரைப் படிக்க முடியவில்லை என்று பொருள், அதாவது சூடோவை மறந்துவிட்டீர்கள். ‘>’ குறி இருந்தால் அது வேறு டிஸ்க், எண்ணவில்லை. இந்தக் குறியை நினைவில் வையுங்கள்.

பக்கத்திலேயே, டிஸ்க்கில் மொத்தம் நிரம்பிய இடத்தைக் காட்டும் ‘டிஎஃப் -எச் /’ ஓட்டி இரண்டு எண்ணையும் ஒப்பிட வேண்டும். வேலையே இங்கேதான் தொடங்குகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் என்சிடியு காட்டும் குண்டு ஃபோல்டரைப் பின்தொடரலாம். டிஎஃப் 430 ஜிபி என்று சொல்லி, என்சிடியு 290 என்று சொன்னால்? நடுவில் 140 ஜிபி எங்கேயோ ஒளிந்திருக்கிறது. எந்த ஃபோல்டரை அழித்தாலும் அது வராது.

இந்த ஒளிவுக்கு வடசென்னை அலுவலகங்களில் ஒரு பழக்கமான காரணம் உண்டு. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மதியம் 2 வரை. யுபிஎஸ் அரை மணி தாங்கும், பிறகு சர்வர் அணையும். கரன்ட் வந்ததும் சர்வர் எழுந்துவிடுகிறது. பேக்கப்புக்கு வைத்த யுஎஸ்பி டிஸ்க்கின் அடாப்டரோ வேறு ஸ்விட்ச் போர்டில் இருக்கிறது, அதை யாரும் போடவில்லை. எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ‘நோஃபெயில்’ என்று இருப்பதால் டிஸ்க் இல்லாமலேயே சிஸ்டம் ஏறிவிடும். (நோஃபெயில் போடாவிட்டால் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும் என்பதால் எல்லோரும் அதைப் போடுகிறார்கள். தப்பில்லை.) இரவு 11 மணிக்கு, பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் ஓடுகிறது. யுஎஸ்பி டிஸ்க் வந்து இணைய வேண்டிய ‘/எம்என்டி/பேக்கப்’ இப்போது ரூட் டிஸ்க்கில் இருக்கும் வெறும் காலி ஃபோல்டர். இலக்கில் எதுவும் இல்லாததால் ஆர்சிங்க் முதலிலிருந்து எல்லாவற்றையும் அங்கே நகலெடுக்கிறது. சாதாரண யூசர்களுக்குத் தராமல், ‘ரூட்’ என்ற நிர்வாகி யூசருக்கென்று லினக்ஸ் டிஸ்க்கின் ஃபைல் அமைப்பான இஎக்ஸ்டி4 ஒதுக்கி வைக்கும் 5 சதவீதமும் மிஞ்சாது, ஏனென்றால் பேக்கப் ஓடுவதே ரூட் பெயரில்.

காலையில் யாரோ அடாப்டரைப் பார்த்து ஸ்விட்சைப் போட்டு டிஸ்க்கை மவுண்ட் செய்கிறார், அதாவது அந்த ஃபோல்டரில் இணைக்கிறார். அதோடு தடயம் மறைந்துவிட்டது. நேற்று இரவு எழுதியதன்மேல் யுஎஸ்பி டிஸ்க் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது. என்சிடியுவில் அந்த இடத்தில் ‘>’ குறி மட்டும்.

போர்வைக்குக் கீழே பார்க்க, ‘/ரன்’ ஃபோல்டருக்குள் ‘பார்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். ரன் மெமரியில் இருப்பதால் டிஸ்க் நிரம்பியிருந்தாலும் அது முடியும். பிறகு ‘சூடோ மவுண்ட் --பைண்ட் / /ரன்/பார்’. இது ரூட் டிஸ்க்கை மட்டும், போர்வை இல்லாமல், இன்னொரு இடத்தில் காட்டும். இப்போது ‘சூடோ என்சிடியு -ஆர்எக்ஸ் /ரன்/பார்’ ஓட்டினால் உள்ளே எம்என்டி, பேக்கப், அந்த 140 ஜிபி. அழிக்க வேண்டியது ‘/ரன்/பார்/எம்என்டி/பேக்கப்’ உள்ளே இருப்பதை மட்டும். நேராக ‘/எம்என்டி/பேக்கப்’ போய் அழித்தால் நல்ல பேக்கப் போய்விடும். இரண்டு பாதையும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், என்டர் அடிக்குமுன் இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ‘யுமவுண்ட் /ரன்/பார்’.

திரும்ப வராமலிருக்க ஸ்கிரிப்டில் ஆர்சிங்குக்கு முன்னால் ‘மவுண்ட்பாயின்ட் -க்யூ /எம்என்டி/பேக்கப் &&’ சேர்க்கவும். டிஸ்க் இல்லாவிட்டால் ஆர்சிங்க் தொடங்கவே தொடங்காது. இன்னும் உறுதி வேண்டுமானால், யுஎஸ்பியைக் கழற்றிய நிலையில் காலி ஃபோல்டருக்கு ‘சூடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ’ போட்டுவிடுங்கள். அதன்பின் ரூட்டே நினைத்தாலும் அங்கே எழுத முடியாது.

எண்கள் பொருந்தாததற்கு இன்னொரு காரணம், அழித்தும் சாகாத ஃபைல். லாக் ஃபைல் (சர்வரில் ஓடும் சர்வீஸ்கள் எழுதும் பதிவேடு) 60 ஜிபி ஆகிவிட்டது என்று ‘ஆர்எம்’ கட்டளையால் அழிக்கிறார்கள், ஆனால் அதில் எழுதிக்கொண்டிருக்கும் சர்வீஸ் இன்னும் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. ‘சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (எல் பெரிய எழுத்து) அப்படிப்பட்டவற்றை வரிசையாகக் காட்டும். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். ஓடுகிற லாகை அழிக்காமல் ‘ட்ரங்கேட் -எஸ் 0’ கொடுத்துக் காலியாக்குவதே சரி.

குண்டு ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிந்தாலும் சிலவற்றில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸில், மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் தானாகவே ஆன் ஆகியிருக்கும், 30 நாள் சேரும். அந்த ஃபைல்களைக் கையால் அழித்தால் இன்டெக்ஸ் ஃபைலோடு கணக்கு உதைக்கும். மைஎஸ்க்யூஎல்லுக்கு உள்ளேயே ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ கொடுங்கள். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரின் ஓவர்லே2 ஃபோல்டரும் அப்படித்தான், முதலில் ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ பாருங்கள். லினக்ஸின் சொந்த லாகான சிஸ்டம் ஜர்னலைக் குறைக்க ‘ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=500எம்’ (எம் பெரிய எழுத்து).

இத்தனைக்கும் பிறகு டிஎஃப் பாதி காலி என்று காட்டியும் சேவ் ஆகவில்லையா? ‘டிஎஃப் -ஐ’ பாருங்கள். 100 சதவீதம் என்றால் தீர்ந்தது இடமல்ல, ஐநோடு, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் தேவைப்படும் பதிவு. இஎக்ஸ்டி4இல் ஃபைல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அது ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. என்சிடியுவில் சின்ன ‘சி’ அடித்தால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை ஃபைல் என்று வரும், பெரிய ‘சி’ அந்த எண்ணிக்கைப்படி வரிசையாக்கும். மேலே வந்து நிற்பது பெரும்பாலும் பிஎச்பி செஷன் ஃபோல்டராகவோ, டெலிவரி ஆகாத மெயில் தேங்கிய ஃபோல்டராகவோ இருக்கும். சைஸ்படி பார்த்தால் இவை கடைசிப் பக்கத்தில் கிடக்கும்.