ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும் போர்

முதலில் என்னைப் பார்க்க வந்தவர் அவர் அல்ல, அவருடைய மனைவி. "ராத்திரி இவர் பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு டாக்டர்" என்றார். கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். தூக்கத்தில் கத்துவார். ஒருநாள் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பியபோது, கண்ணைத் திறக்குமுன்பே மனைவியின் கழுத்தைப் பிடித்துவிட்டார். விடிந்ததும் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாராம். அன்றிலிருந்து தூக்கத்துக்காக கேன்டீன் ரம். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வீட்டுக்கொருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. அங்கெல்லாம் இதற்கு ஒரு தயார் பதில் இருக்கிறது: "மிலிட்டரிக்காரர்னா அப்படித்தான் இருப்பார்." இந்தப் பதிலை நம்பியே அந்தக் குடும்பம் எட்டு வருடம் சும்மா இருந்துவிட்டது. எனக்கு அதுதான் ஆறவில்லை. இது மிலிட்டரி சுபாவம் அல்ல, பி.டி.எஸ்.டி. என்ற நோய்: போர் போன்ற பேரதிர்ச்சி முடிந்தபிறகும் மனதை விடாமல் வாட்டுவது.

இப்படி வரும் குடும்பங்களுக்கு நான் சில படங்களைப் பார்க்கச் சொல்வதுண்டு. குடும்பத்தாருக்குத்தான், வீரருக்கு அல்ல. வெடிச்சத்தமும் ரத்தமும் அவருக்குள் எதைக் கிளப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவர் விரும்பினால் சிகிச்சை ஓரளவு நிலைப்பட்ட பிறகு பார்க்கலாம், கூட ஒருவர் இருக்கவேண்டும்.

நான் முதலில் சொல்வது 1946-ல் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை. வில்லியம் வைலர் இயக்கிய 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்று பேர் ஒரே அமெரிக்க ஊருக்குத் திரும்புகிறார்கள். போர்க்களத்தை நமக்குக் காட்டவே மாட்டார்கள். கதை முழுக்க வீட்டிலும் வேலையிடத்திலும்தான். பி.டி.எஸ்.டி. என்ற பெயர் மனநல மருத்துவத்தின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏறியது 1980-ல். அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படம் அதன் அடையாளங்களைத் துல்லியமாகக் கவனித்திருக்கிறது.

ஃப்ரெட் என்பவர் விமானத்திலிருந்து குண்டு வீசியவர். பற்றியெரியும் விமானத்தில் சிக்கிய நண்பனை வெளியே குதிக்கச் சொல்லித் தூக்கத்தில் அலறுகிறார். ஒரு வீட்டில் இதைக் கேட்கும் பெக்கி என்ற பெண் ஓடிவந்து, ஒன்றும் விசாரிக்காமல், பயப்பட ஏதுமில்லை என்று மெல்லச் சொல்லித் தூங்கவைக்கிறாள். இன்னொரு நாள் இதே புலம்பலைக் கேட்ட அவர் மனைவி, அதையெல்லாம் மறந்துவிட்டு ஆகவேண்டியதைப் பாருங்கள் என்கிறாள். அவள் கெட்டவள் என்று நான் நினைக்கவில்லை. என் அறையில் உட்கார்ந்து அழும் மனைவிமாரும் அம்மாக்களும் அதையேதான் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். மறக்க முடிந்தால் அந்த வீரர்கள் என்றைக்கோ மறந்திருப்பார்கள். பெக்கி தொட்டுத் தேற்றுவதை மட்டும் அப்படியே செய்யாதீர்கள். கனவில் இருப்பவருக்கு உங்கள் கை எதிரியின் கையாகத் தோன்றலாம்.

அதே படத்தில் ஹோமர் வருகிறார். இரண்டு கைகளுக்கும் பதில் இரும்புக் கொக்கிகள். அந்த வேடத்தில் நடித்த ஹரால்ட் ரஸ்ஸல், ராணுவப் பயிற்சியில் வெடிவிபத்தில் நிஜமாகவே கைகளை இழந்தவர். அந்த ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர் பெற்றார். கட்டிக்கொள்ளப்போகும் வில்மாவை ஹோமர் தள்ளியே வைக்கிறார். கடைசியில் ஒரு ராத்திரி, தன் அறைக்கு அழைத்துப்போய், கொக்கிகளைக் கழற்றினால் தான் எவ்வளவு இயலாதவன் என்று காட்டுகிறார். வில்மா அழவில்லை, வீரவசனமும் பேசவில்லை. அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். அந்தக் காட்சியை இரண்டுமுறை பாருங்கள் என்பேன்.

அதே 1946-ல் இயக்குநர் ஜான் ஹூஸ்டன், மனம் பாதிக்கப்பட்ட வீரர்களின் மருத்துவமனையில் 'லெட் தேர் பி லைட்' என்ற ஆவணப்படத்தை எடுத்து முடித்தார். எடுக்கச் சொன்ன அமெரிக்க ராணுவமே அதைப் பூட்டி வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பொதுமக்கள் கண்ணில் படவில்லை. பார்க்கவேண்டிய படம்தான். ஆனால் ஊசி போட்டதும் நடக்கமுடியாதவர் எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் அப்படி ஒரு ஊசி கேட்காதீர்கள். பேச்சுச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும், மாதக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

தமிழ் பேசும் படம் ஒன்றும் உண்டு. 2015-ல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்ற ழாக் ஓடியாரின் 'தீபன்'. முன்பு விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த எழுத்தாளர் ஷோபாசக்தியே அதில் நாயகன், இலங்கைப் போரிலிருந்து தப்பிப் பிரான்சுக்கு வந்த முன்னாள் போராளி தீபனாக. பாரிஸ் புறநகரின் அடுக்குமாடிகளுக்கு நடுவே தீபன் தரையில் வெள்ளைக் கோடு இழுத்து, இது சூடு தவிர்ப்பு வலயம் என்று அறிவிப்பார். இலங்கையின் வன்னியில் 2009-ல் மக்களுக்குப் பாதுகாப்பான இடம் என்று அரசு அதே பெயரில் அறிவித்த பகுதிகளிலேயே குண்டுகள் விழுந்தன. அதை அறிந்தவர்களால் அந்தக் கோட்டைத் தாங்க முடியாது. முடிவில் அவர் ஆயுதத்தோடு பாய்வதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த நோய் உள்ளவர் எப்போதும் வெடிக்கக் காத்திருப்பவர் என்ற பயத்தை அது வளர்க்கிறது. நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வெடிப்பவர்கள் அல்ல, ஒதுங்கிப்போகிறவர்கள்.

மறுபக்கத்துக் குடும்பத்தையும் பார்க்கவேண்டும். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' சிங்களப் படம். ராணுவ வீரனான மகனின் சவப்பெட்டி மூடி முத்திரையிட்டு வருகிறது. கண் தெரியாத தகப்பன் மகன் இறந்ததை நம்ப மறுக்கிறார், இழப்பீட்டுப் பணத்துக்கும் கையெழுத்துப் போட மறுக்கிறார். 2000-ல் இலங்கை அரசு படத்தைத் தடுத்தது. உச்ச நீதிமன்றம் போய்த்தான் திரைக்கு வந்தது. உடலைக் காணாத துக்கம் முடிவதில்லை. அதைப் பிடிவாதம் என்று ஏசாதீர்கள்.

பயங்கரக் கனவு, திடீர் சத்தத்துக்குத் திடுக்கிடுதல், சிலரையும் சில இடங்களையும் தவிர்த்தல், எதிலும் ஒட்டாமை — இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பணியிலிருந்து வந்து பல மாதம் கழித்தும் இவை தொடங்கலாம். தூக்கத்துக்குச் சாராயம் வேண்டாம். அது பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்து வாருங்கள்.

அந்த அம்மா இப்போது கணவரை உலுக்குவதில்லை. வாசலில் நின்றபடி விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நம்ம வீட்லதாங்க இருக்கோம்" என்கிறார். கணவர் மூன்றாவது மாதம்தான் தானாக வந்தார். குடி இன்னும் முழுதாக நிற்கவில்லை. வியாழக்கிழமைதோறும் வருகிறார்.